இடது பக்கம் இறங்கிய சோபா

என் அக்காவைத் திருட்டு சோபாவில் உட்கார்ந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நான் முழுதாக ஐந்து நாள் நம்பினேன். சும்மா நம்பவில்லை. சோறு இறங்காமல் நம்பினேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பின்கட்டுக்கு ஓடினேன். ஜெயிலில் சட்டை அவர்களே கொடுப்பார்களா, நம்முடையதையே போட்டுக்கொள்ளலாமா என்று ஒர்க்ஷாப்பில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அன்றைக்கு நடுங்கியதெல்லாம் நான்தான் என்பதால், அதைக் கிண்டல் செய்யும் உரிமையும் எனக்கே என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் நான் ஸ்டோர் கிளார்க். நட்டு, போல்ட்டு, பேரிங் எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும். எதையும் எங்கே மாட்டுவது என்று தெரியாது. அப்பா அதே கம்பெனியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தேழு முடியப்போகிறது என்பதை அம்மா தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் கிடைக்காத நாளில் என்னிடம் சொல்வாள்.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் ஒரு வரன் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது உட்காருவதற்கு இருந்தவை ஒரு மர பெஞ்சு, ஒரு ஸ்டூல், நான்கு பாய். அதனால் கடையிலிருந்து மடக்கு நாற்காலி ஆறு வாடகைக்கு எடுத்துப் போட்டோம். பையனுடைய அத்தை ஒருத்தி உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் வாடகைக் கடையின் பெயர் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"நம்ம வீட்டு காதுகுத்துக்கும் இந்தச் சேருங்கதான் வந்துச்சி" என்றாள்.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா ஜாதகத்தைக் குற்றம் சொல்லவில்லை. நாற்காலியைத்தான் சொன்னாள்.

ஐப்பசியில் தரகர் இன்னொரு வரனோடு வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம். விதைக் கடலை வியாபாரம் செய்கிற குடும்பம். பையனுக்குக் கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தர் வேலை.

"வீட்ல காரே இருக்குதும்மா" என்றார் தரகர். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வர்றாங்க. அப்படியே பொண்ணையும் பார்த்துடறோம்னு சொல்றாங்க."

எங்கள் ஊரில் இது வழக்கம்தான். வருஷம் முழுதும் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள்கூட தீபத்தன்று வந்துவிடுவார்கள். மொட்டை மாடியிலிருந்து மலை மறைக்காமல் தெரிகிற வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எங்கள் மாடியிலிருந்து மலை நன்றாகத் தெரியும். அதனால் நாள் விஷயத்தில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

தரகர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"கார்ல போறவங்கள எதுல உட்கார வைக்கப் போற?"

கடையில் சோபா வாங்க எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் அக்கா மிஷினை நிறுத்திவிடுவாள்.

"எனக்கு பயமா இருக்குதுடா" என்றாள். "என்னன்னு சொல்லிடு."

"கார் சீட்டும்மா" என்றேன் அம்மாவிடம். "கார்ல போறவங்கள கார் சீட்டுலயே உட்கார வைக்கறேன்."

இந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு காயலான் கடை. கம்பெனிக்குப் பழைய சாமான் போடவும் எடுக்கவும் நான் அங்கே அடிக்கடி போவேன்; கடைக்கார பாய் எனக்கு நல்ல பழக்கம். நான் போன அன்று கடையின் பின்பக்கம், தகர ஷெட்டுக்குள், ஒரு அம்பாசிடரின் பின் சீட்டு தனியாகச் சாய்த்து வைத்திருந்தது. உட்காரும் பாகமும் சாயும் பாகமும் இரண்டும் இருந்தன. பக்கத்தில் அதே வண்டியின் பம்பர். மீதி வண்டியைக் காணவில்லை.

"பாய், இந்த சீட்டக் குடுப்பீங்களா?"

"வண்டியே போயிடுச்சி. சீட்ட வச்சி நான் இன்னா பண்ணப் போறேன். எடுத்துக்க."

"யாரு வண்டி இது?"

"கடைக்குள்ள வந்துட்டா எல்லாம் இரும்பு. இரும்புக்கு ஏது ஆளு."

விலை படிந்தது. பம்பரையும் சேர்த்துக் கேட்டேன், கொடுத்தார். தள்ளுவண்டியில் ஏற்றியதும் பாய் உள்ளே போய் நான்கு கோணிச் சாக்கு எடுத்துவந்து எல்லாவற்றையும் மூடிக் கட்டினார்.

"எதுக்கு பாய் சாக்கு? மழையா வருது?"

"மூடிக்கினே போ. யாரு கேட்டாலும் என் கடையில வாங்கினேன்னு சொல்லாத."

"ஏன் பாய்?"

"சொல்லாதன்னா சொல்லாத. இந்தா, ரிம்மு ஒண்ணு சும்மா எடுத்துக்க."

புத்தியுள்ள மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருப்பான். நான் ரிம்மைப் பார்த்தேன். நல்ல ரிம். டீப்பாய்க்கு ஆகும் என்று தோன்றியது. நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒர்க்ஷாப்பில் எங்கள் டிங்கர் வெல்டிங்கும் அடிப்பார், பஸ்ஸுக்கு சீட்டும் தைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். நான் வரைபடம் போட்டு வைத்திருந்தேன். சோபாவுக்குக் கால்களாகப் பழைய கமான் பட்டை. லாரி, பஸ்ஸுக்கு அடியில் வில் மாதிரி வளைந்திருக்குமே, அந்த இரும்புப் பட்டை.

"கமான் பட்டைய காலா வச்சா ஆடும் கிளார்க்கு" என்றார் டிங்கர்.

"ஆடட்டும். மெட்ராஸ் சோபாவெல்லாம் ஆடும்."

"நீ மெட்ராஸ் சோபால உட்கார்ந்து கீறியா?"

"பார்த்திருக்கேன்."

வைத்தோம். அப்பாவை ஒர்க்ஷாப்புக்கே கூட்டி வந்து முதலில் உட்கார வைத்தேன். சோபா முன்னால் குனிந்தது, பின்னால் நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை போய் வந்தார்.

"செங்கம் ரோடு மாதிரி இருக்குது" என்றார் நின்றதும். "பிரேக் எங்கடா வச்சிருக்கற?"

டிங்கர் என்னைப் பார்க்காமல் கால்களுக்கு நடுவே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார். ஆட்டம் நின்றது. பம்பரை இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் கைப்பிடியாக வைத்தோம். இடது கைப்பிடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு நசுங்கல் இருந்தது, மற்றபடி பளபளவென்று இருந்தது. ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்றை வைத்ததும் டீப்பாய் ஆயிற்று.

சீட்டின் பழைய துணியைக் கிழிக்காமல் அதன் மேலேயே புது ரெக்ஸின் போடலாம் என்றார் டிங்கர். பஸ்ஸுக்குத் தைத்து மிஞ்சிய ரெக்ஸின் துண்டுகளை மேனேஜர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதனால் சோபா எங்கள் கம்பெனி பஸ்ஸின் பச்சையில் வந்தது. தைப்பதற்கு முன்னால் சீட்டைத் தூக்கி உதறினோம். உள்ளிருந்து தோலோடு வேர்க்கடலை கொட்டியது. எவ்வளவு உதறினாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே கலகலவென்றது.

"ரெண்டு படி இருக்கும் போல" என்றார் டிங்கர். பிறகு கையால் அழுத்திப் பார்த்தார். "இந்த இடது பக்கம் ஸ்பிரிங் படுத்துடுச்சி. மொத்தமா பிரிச்சாதான் சரி பண்ணலாம்."

"வேணாம். பெரியவங்கள வலது பக்கம் உட்கார வச்சிக்கறேன்."

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சந்தில் கையை விட்டு ஒரு கடலையை எடுத்து உடைத்தாள்.

"சொத்தை" என்றாள். பிறகு, "சோபாவுக்கு லைசென்ஸ் எடுத்துட்டியாடா?"

அப்பா தினமும் சாயங்காலம் அதில் உட்கார ஆரம்பித்தார். அந்தப் பச்சையில் உட்கார்ந்தால் தனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். ஆனால் அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அம்மா வாயில் முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது.

"மெட்ராஸ்ல ஆர்டர் குடுத்து வாங்கினது."

தீபத்தன்று பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா. மூன்று பேருடைய கால்களிலும் முழங்கால் வரை புழுதி.

"காரை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க" என்றார் பையனின் அப்பா. "நடந்தே வந்துட்டோம்."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தீபத்தன்று ஊருக்குள் எந்த வண்டியையும் விடமாட்டார்கள். காரில் வந்தவரும் நடக்க வேண்டியதுதான், பஸ்ஸில் வந்தவரும் நடக்க வேண்டியதுதான்.

பெரியவரை வலது பக்கம் உட்கார வைப்பது என்பது என் திட்டம். அவருடைய மனைவி முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிட்டார். பையன் நடுவில். பெரியவர் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சீட்டு ஒரு பக்கமாக இறங்கியது. அவர் முகம் மாறியது.

சீட்டு சரியில்லை என்று நினைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். உள்ளங்கையால் இடது பக்கத்தை அழுத்தினார். பிறகு கைப்பிடியில் கையை வைத்தார். விரல் தானாகப் போய் அந்த நசுங்கலில் நின்றது. தேடவில்லை. நேராகப் போய் நின்றது.

"மெட்ராஸ்ல ஆர்டர் குடுத்தது" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. "தம்பிதான் போயி பார்த்து எடுத்துட்டு வந்துச்சி."

"மெட்ராஸ்ல எங்க தம்பி?" என்றார் பெரியவர்.

"மவுண்ட் ரோட்ல."

"மவுண்ட் ரோட்ல எந்தப் பக்கம்?"

நான் அதுவரை மெட்ராஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் மிருகக்காட்சி சாலை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"ஒரு பெரிய கட்டடம் இருக்குதுங்களே, அதுக்குப் பக்கத்துல" என்றேன்.

அவர் சீட்டுக்கும் சாய்வுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டார். ஒரு வேர்க்கடலையை எடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு டீப்பாய் மேல், கண்ணாடியின் நடுவில், வைத்தார். எல்லோரும் அந்தக் கடலையைப் பார்த்தோம்.

"தம்பி கடலை ஜாஸ்தி சாப்பிடும்" என்றாள் அம்மா.

"தோலோடயா?" என்றார் பெரியவரின் மனைவி. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இவர் கார் வைத்திருப்பவர். கடலை வியாபாரி. சீட்டில் கடலை. நசுங்கல் எங்கே என்று இவர் கைக்குத் தெரிகிறது. பாய் சாக்குப் போட்டு மூடினார். கடைப் பெயரைச் சொல்லாதே என்றார். இவருடைய காரை யாரோ திருடி, உடைத்து, காயலான் கடையில் போட்டிருக்கிறார்கள். அதை நான் வாங்கி, பச்சை ரெக்ஸின் போட்டு, அதிலேயே அவரை உட்கார வைத்திருக்கிறேன். வேறு ஒரு காரில் வந்திருக்கிறார், அவ்வளவுதான். பணக்காரர்கள் இரண்டு கார் வைத்திருப்பார்கள். என் மூளை இவ்வளவு வேகமாக அதற்கு முன்னாலும் ஓடியதில்லை, பின்னாலும் ஓடியதில்லை.

அக்கா அப்பமும் பொரி உருண்டையும் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பையன் உருண்டையைக் கையில் எடுத்து, கடித்தால் சத்தம் வருமே என்று யோசித்து, அக்காவை ஒரு முறை பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவன் கடித்தான். அந்த வீட்டில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

பெரியவர் தட்டைத் தொடவில்லை. எழுந்துவிட்டார்.

"கூட்டம் ஜாஸ்தி ஆவறதுக்குள்ள கிளம்பறோம்."

"தீபம் ஏத்த இன்னும் ரெண்டு மணி நேரம்தானே" என்றாள் அம்மா. "மாடியில இருந்து பார்த்துட்டுப் போலாமே."

"இல்லைங்க. சொல்லி அனுப்பறோம்."

தீபத்துக்கென்று இந்த ஊருக்கு வந்தவர் தீபம் பார்க்காமல் திரும்பிப் போனதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே அரோகரா போட்டது. எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தேன், போலீஸ் வேன் வருகிறதா என்று.

"மேல பாருடா" என்றாள் அக்கா. "தீபம் மேலதான் எரியுது."

அவளிடம் மட்டும் சொன்னேன்.

"திருட்டுன்னா உன்னதான் புடிப்பாங்க, என்னை இல்ல" என்றாள். பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளு நல்ல மாதிரிடா. உருண்டைய கடிக்கறதுக்கே பர்மிஷன் கேட்டாரு" என்றாள். "இதுவும் போச்சின்னா அம்மா அடுத்தது யாரையாவது கூட்டிட்டு வருவாங்க. எனக்குக் காபித் தட்டு தூக்கறதுக்கு இனிமே தெம்பு இல்ல."

அவள் இப்படி என்னிடம் பேசியதே இல்லை. அதோடு என் பயம் இரண்டாகப் பிரிந்தது. பாதி எனக்கு, பாதி அவளுக்கு. சரியாகப் பாதி என்று சொல்ல முடியாது. என் பங்கு கொஞ்சம் ஜாஸ்தி.

மறுநாள் காலையில் காயலான் கடைக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. எதிர்க் கடையில் கேட்டேன், தெரியாது என்றார்கள். பாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்தது நான் என்று முடிவு செய்தேன்.

அதற்கடுத்த நாள் இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் கதவைத் தட்டினார்கள்.

தீபம் பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து நூற்றுக்கணக்கில் போலீஸ் வருவார்கள், எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில்தான் தங்குவார்கள், எல்லோரும் ஊர் திரும்ப நாலைந்து நாள் ஆகும் என்பதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

"தம்பி, உங்க வீட்ல..." என்று ஆரம்பித்தார் மூத்தவர்.

"நான் காசு குடுத்து வாங்கினதுதான் சார்" என்றேன். "திருடினது நான் இல்ல."

"எத?"

"சோபாவ."

அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் என்னைப் பார்த்தார்.

"சோபாவெல்லாம் வேணாம்பா. ஸ்கூல்ல பூரா சின்னப் பசங்க பெஞ்சு. முட்டி இடிக்குது. உங்க வீட்ல பெரிய பெஞ்சு இருக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு நாள்ல குடுத்துடறோம்."

அப்பா பெஞ்சை எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். அதற்குள் மூத்தவர் சோபாவில், அதே இடது ஓரத்தில், உட்கார்ந்தார். நல்லா இருக்குதே என்றார். நசுங்கின கைப்பிடியில் தலையைச் சாய்த்தார். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டார். மூன்று நாள் தூங்காமல் நின்ற மனிதர். அவருடைய லத்தி திருட்டுப் பம்பர் மேல் சாய்ந்து கிடந்ததை நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சோடு வந்த அப்பா பார்த்துவிட்டு, "ஸ்டாப்பிங் வந்ததும் எழுப்பி விடு" என்றார்.

அவர் அரை மணி நேரம் கழித்து எழுந்து, அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பெஞ்சோடு போனார். இதைப் பார்த்த பிறகு எவனும் பயத்தை விட்டிருப்பான். நான், இது உளவு பார்க்க வந்தவர்கள் போடும் தூக்கம் என்று கண்டுபிடித்தேன். அன்றைக்கே டிங்கரைக் கூட்டிவந்து சீட்டையும் சாய்வையும் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றினேன். கால்களையும் ஆங்கிளையும் விறகு அடுக்கும் இடத்தில் மறைத்தேன். பம்பர் கைப்பிடிகளை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கிணத்துல போட்டுடவா?" என்றேன் அம்மாவிடம்.

"குடிக்கிற தண்ணிடா" என்றாள்.

அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். மாடியில் சீட்டுக்குத் தார்பாய் போட்டிருந்தேன். மாலையில் வந்த மழைக்காற்று தார்பாயைத் தூக்கிப் பக்கத்து மாடியில் போட்டது. விடிகிற வரை மழை. சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் மொத்தத் தண்ணீரையும் குடித்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். தனியாக, குடையோடு. சோபா இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரிம் டீப்பாய் மட்டும் நடுக்கூடத்தில் நின்றது. அதை மறைக்க நான் மறந்துபோயிருந்தேன். அவர் அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா பாய் விரித்தார். உட்கார்ந்தார்கள்.

"சோபாவ எடுத்துட்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான். பாய் விளிம்பில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"அது உங்க காருன்னு எனக்கு சத்தியமா தெரியாதுங்க. திருட்டு சாமான்னு தெரிஞ்சிருந்தா வாங்கியே இருக்க மாட்டேன். சீட்டு மாடியில இருக்குது. பம்பரு அரிசிப் பானைகிட்ட இருக்குது. மெட்ராஸெல்லாம் பொய்யி. எல்லாத்தயும் எடுத்துட்டுப் போயிடுங்க. அக்காவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது.

"திருட்டா?" என்றார் பெரியவர். "யாரு திருடினது?"

"உங்க கார."

"என் கார யாரும் திருடல தம்பி. நான்தான் வித்தேன்."

அவரே மேலே சொன்னார், குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டே. விதைக் கடலை மூட்டைகளை அந்தக் காரின் பின் சீட்டில்தான் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவாராம். டிரைவருக்குப் பின்னால் வலது பக்கம் அவர் உட்கார, இடது பக்கம் மூட்டை. அதில்தான் அந்தப் பக்கம் ஸ்பிரிங் இறங்கியது. பம்பர் நசுங்கியது பம்புசெட் ஷெட்டில் இடித்து. எஞ்சின் போய்விட்டது; சரி செய்ய முடியவில்லை. காயலான் கடைக்கு விற்றார்.

"பாய்கிட்ட சொன்னேன், ஊருக்குள்ள யாருக்கும் தெரிய வேணாம்னு. ஏன்னா தரகர் போற எடமெல்லாம் கார் இருக்குது, கார் இருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அப்ப தீபத்தன்னிக்கு ஊருக்கு வெளிய நிறுத்தினது?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் தீபத்தன்னிக்கு வர்றோம்னு சொன்னேன். அன்னிக்கு யாரு காரும் ஊருக்குள்ள வராது."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"உள்ள வந்து உட்காந்தா, என் காரு" என்றார் அவர். "விஷயம் தெரிஞ்சிக்கினு, எங்க மூஞ்சில அடிக்கறதுக்குன்னே சீட்டத் தேடிப் புடிச்சி வாங்கி, அதுலயே உட்கார வச்சி, பொரி உருண்டையும் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். இந்தம்மா மெட்ராஸ்னு சொல்லச் சொல்ல, குத்திக்காட்டறாங்கன்னே நெனச்சேன். நாலு நாளா எனக்கு சோறு இறங்கல."

"எனக்கும்" என்றேன். இது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உருப்படியான வார்த்தை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு உங்க சட்டைப் பையில எங்க கம்பெனி டிக்கெட்டு தெரிஞ்சிது. மூணு."

"தெரிஞ்சும் ஏன் கேட்கல?" என்றாள் அம்மா.

"டிக்கெட்டு எடுத்துட்டுத்தானே வந்தாரு. அப்புறம் கேட்கறதுக்கு என்ன இருக்குது."

பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு குடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"பையன் இந்தப் பொண்ணத்தான் கட்டிக்குவேன்னு ஒரே புடியா நிக்கறான். நீங்க எங்கள கேலி பண்ணீங்களா இல்லையான்னு கேட்டுட்டு, அப்புறம் முடிவு சொல்லலாம்னுதான் வந்தேன். இப்ப நீங்க சொல்லணும். எங்க வீட்ல கார் இல்ல."

"எங்க வீட்ல சோபாவும் இல்லீங்க" என்றாள் அம்மா. "உங்க சீட்டுதான்."

அப்பா உள்பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்ற?" என்றார்.

அக்கா காபியோடு வந்தாள். தட்டு இல்லாமல், டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து பெரியவரிடம் கொடுத்தாள்.

"அவர எங்களோட தீபம் பார்க்க ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்றாள். "இன்னும் எரிஞ்சிக்கினுதான் இருக்குது." பிறகு என்னைப் பார்த்து, "டேய், மாடிக்குப் போயி அந்த சீட்ட வெயில்ல போடு" என்றாள்.

நனைந்த சீட்டு என் ஒருவனால் அசையவில்லை. பெரியவரே மாடிக்கு வந்தார். இடது பக்கத்தை அவர் பிடித்தார், வலது பக்கத்தை நான் பிடித்தேன். தூக்கிச் சுவரில் சாய்த்தபோது அடியிலிருந்து பச்சை நிறத் தண்ணீரோடு நாலைந்து கடலை விழுந்தது.

"முளைச்சிடப் போவுது" என்றார் அவர்.

காயலான் கடை பாய் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், திரும்பி வந்தார். போலீஸ்காரர்கள் பெஞ்சைச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். சீட்டு காய ஒன்பது நாள் ஆயிற்று. நார் வாடை போக அதற்கு மேலும் ஆயிற்று. யாரும் எதையும் திருடவில்லை. அக்காவின் கல்யாணம் தை மாதம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.